வெறும் வயிற்று மாத்திரை

ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறலாம் என்று ஈப்போ டாக்டர் சொன்னபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. உடம்பு இளைப்பதற்காக வாரம் ஒரு முறை வயிற்றில் நானே குத்திக்கொண்ட ஊசி அது. மலேசியாவின் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. பள்ளிக்குப் பின்னால் உள்ள குவார்ட்டர்ஸில் இன்னொரு ஆசிரியையோடு தங்கியிருக்கிறேன். குளிர்ப்பெட்டி இருவருக்கும் பொது. ஊசியைத் துணிப்பையில் சுற்றிக் கீரைக்கட்டுகளுக்கு அடியில் ஒளித்து வைப்பேன். குத்தி முடித்த ஊசிமுனைகளை ஒரு பால்மாவு டின்னில் சேர்த்து, ஊருக்குப் போகும்போது கிளினிக்கில் கொடுப்பேன். மலையிறங்கும் வளைவுகளில் பஸ் ஆடும்போது மடியில் இருக்கும் டின் கிலுகிலுக்கும். பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்த்தால் என் முகம் சுட்டுவிடும்.

குண்டாக இருந்ததே வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு திருவிழாவுக்கு எல்லோரும் லாரியில் போனோம். என்னால் ஏற முடியவில்லை. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளிப் பெண்கள் இரண்டு பேர், ஒருத்தி மேலிருந்து கையைப் பிடித்து இழுக்க, ஒருத்தி கீழிருந்து தாங்கித் தள்ள, என்னை ஏற்றிவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. நோயாளியைத் தூக்குகிற மாதிரி அவ்வளவு பக்குவமாகத் தூக்கினார்கள். அதை நினைத்துப் பல நாள் தூக்கம் வரவில்லை.

ஊசி போட ஆரம்பித்து உடம்பு இறங்கியதும் எல்லோரும் கேட்டார்கள். அப்போது நான் மாலையில் கொஞ்சம் நடந்துகொண்டும் இருந்தேன். நடந்துதான் இளைத்தேன் என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். நான் மறுக்கவில்லை.

கீழிருந்து என்னைத் தாங்கிய அதே அக்கா ஒரு நாள் பள்ளி வாசலில் வந்து நின்றார். கொழுந்து பறிப்பவர். கனத்த உடம்பு, முழங்கால் வலி. "நானும் உங்ககூட நடக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டார். சனி, ஞாயிறு காலைகளில் தொழிற்சாலைக்கு மேலே உள்ள வளைவுவரை நடந்தோம். பனி விலகாத தார் ரோட்டில், வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு, என் வேகத்துக்கு ஈடுகொடுக்க அவர் பாடுபட்டார். உடம்பு மட்டும் இறங்கவே இல்லை. இரவுச் சோற்றையும் விட்டுவிட்டதாகச் சொன்னார். தனக்கு வாயை அடக்கத் தெரியவில்லை போலிருக்கிறது என்று தன்னையே நொந்துகொண்டார். மெதுவாகக் குறையும் அக்கா என்று நான் தைரியம் சொன்னேன். எந்த வாயால் சொன்னேனோ.

அந்தச் சமயத்தில்தான் மாத்திரை வந்தது. ஊசி கிடைப்பது சிரமமாக இருக்கிறது, அதே வகை மருந்து மாத்திரையாக இருக்கிறது என்றார் டாக்டர். எழுந்ததும் வெறும் வயிற்றில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் எதுவும் உள்ளே போகக்கூடாது, தேத்தண்ணிகூட. எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஒளித்து வைக்க ஒரு கைப்பை போதும் என்பதுதான் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை எழுவதற்குத் தாமதமாகிவிட்டது. மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடினேன். கொஞ்ச தூரம் நடப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அக்கா என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அந்த வீட்டுக்குள் நான் போவது அதுதான் முதல் தடவை. துண்டு எடுத்துக் கொடுத்தார். பால் ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கலந்தார். அலமாரியிலிருந்து புதுக் கோப்பையை எடுத்து, துடைத்து, அதில் ஊற்றி நீட்டினார். வேண்டாம் என்றேன்.

"சூடா குடிங்கலா டீச்சர், நனைஞ்சிருக்கீங்க."

வயிறு சரியில்லை என்று ஏதோ சொன்னேன். மறுநாளும் அதே மாதிரி கூப்பிட்டார். அன்றும் மாத்திரை போட்ட கையோடுதான் வந்திருந்தேன். வாசலிலேயே நின்று மறுத்துவிட்டு நடந்துவிட்டேன். அதற்கடுத்த வாரம் அவர் நடக்க வரவில்லை.

என்னோடு தங்கியிருக்கும் ஆசிரியைதான் விஷயத்தைச் சொன்னாள். "நீங்க லயத்து வீட்டுல கை நனைக்க மாட்டீங்களாமே. அந்தக்கா ரொம்பச் சங்கடப்பட்டாங்களாம்."

நானும் லயத்தில் பிறந்தவள்தான். இன்னொரு தோட்டத்தில், இதே மாதிரி தகரக் கூரைக்குக் கீழே. வீட்டுக்கு வந்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மனைவி, என் அம்மா கொடுத்ததைத் தொடாமல் எழுந்து போனதைப் பார்த்தவள். அன்று அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அன்று பிற்பகலே போனேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியைச் சொன்னேன், அரை மணி நேரத்தைச் சொன்னேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நீங்க நடந்து இளைக்கலையா?"

"இல்லக்கா. இதுலதான்."

அட்டையை என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ராத்திரியில பசியோட படுத்துக்கிட்டு, டீச்சரால முடியுது, நம்மளால முடியலையேன்னு நெனைப்பேன். எம்மேலயே எனக்கு வெறுப்பா வந்துச்சு. சொல்லியிருக்கலாம்லா."

தேத்தண்ணியை மறுத்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அவருக்கு வலித்தது வேறு இடத்தில் என்று அப்போதுதான் புரிந்தது. அவர் எழுந்து போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். அவர் எனக்கு எதிரே உட்காராமல், துணியை எடுத்து மடித்துக்கொண்டே இருந்தார்.

ரிங்லெட் டவுன் கிளினிக்குக்கு நானே கூட்டிப்போகிறேன் என்று கெஞ்சினேன். வேண்டாம் என்றுவிட்டு, தன் புருஷனோடு மோட்டார் சைக்கிளில் போய்வந்தார். முழங்காலுக்கு மருந்தும் சில பயிற்சிகளும் கொடுத்தார்களாம். இரவில் பட்டினி கிடக்கக்கூடாது என்று கண்டித்தார்களாம். இப்போது சில சனிக்கிழமைகளில் நடக்க வருகிறார். அவர் வேகத்துக்குத்தான் நான் நடக்கிறேன். பேச்சு முன்போல இல்லை.

ஆசிரியர் அறையிலும் சொல்லிவிட்டேன். ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, யாரும் இல்லாதபோது வந்து மருந்தின் பெயரைக் கேட்டாள். புதிதாக மாற்றலாகி வருபவர்கள் என் பழைய படத்தைப் பார்த்துவிட்டு எப்படி இளைத்தீர்கள் என்று இன்னும் கேட்கிறார்கள். மருந்து என்கிறேன். சொல்லும்போது குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. அவர்கள் காதில் விழாமல், என்ன சொன்னீங்க என்று மறுபடி கேட்கிறார்கள்.