நிஜ விறகு சுமந்தவள்

யாத்திரை பஸ்ஸில் சமையல் வேலை எனக்கு. அந்த மலையூரில் எங்கள் வண்டி மூன்று நாள் தங்கும். விடிகாலையில் அண்டா தேய்க்க லாட்ஜின் குழாயடிக்குப் போனால் தண்ணீர் ஊசியாய்க் குத்தும். முதல் வருஷம், இரண்டாம் நாள், குழாய்க்குப் பக்கத்தில் மூடி போட்ட குடம் ஒன்று இருந்தது. தொட்டால் சுடுதண்ணீர். யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கொஞ்சம் முன்னாலேயே போனேன். குடத்தை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள் கூடைக்காரி.

எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த மலையின் பூர்வகுடி. அவர்கள் வீட்டுக்குள் பேசும் பாஷை வேறு. நம் பேச்சை வந்துபோகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டாள். பள்ளத்தாக்கைப் பார்க்கும் வளைவில், முதுகில் விறகுக் கூடையோடு நிற்பதுதான் அவளுக்கு வேலை. சம்பளம் லாட்ஜில். வருகிறவர்கள் அவளோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பட்டை பட்டையாய் நிறம் போட்ட பாவாடை லாட்ஜ் தைத்துக் கொடுத்தது. அவர்கள் சனத்தில் யாருமே அப்படி ஒன்றைக் கட்டியதில்லையாம். அவளுடைய பழைய பேன்ட் அதற்கடியில் இருக்கும்.

ஒருநாள் அந்தக் கூடையை நகர்த்தப் போய் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"என்னம்மா இது, கல்லா? இப்படி நிக்கிற மத்தவங்க வைக்கோலை அடைச்சு மேல நாலு குச்சி செருகிக்கிறாங்களே!"

"வைக்கோலைச் சுமந்தா முதுகு வளையாதுக்கா. எனக்கு நடிக்க வராது." சிரித்தாள். "அதோட, வீட்டுக்குப் போனா உலை வைக்கணுமே. போட்டோவையா எரிக்கிறது?"

அவள் உயிர் எல்லாம் ஒரே மகள்மேல். கீழே டவுனில் நர்ஸ் படிப்பு. "என் பொண்ணை ஊசி போடக் கூப்பிடட்டும், படம் புடிக்கக் கூப்பிட வேணாம்" என்பாள்.

மூன்றாம் வருஷம் போனபோது அவள் முகம் சரியில்லை. லாட்ஜ் மேனேஜர் சொல்லிவிட்டாராம்: "உனக்கு வயசாயிடுச்சு. லீவுக்கு வந்திருக்கிற பொண்ணை நிறுத்து. இல்லேன்னா இடம் வேற ஆளுக்கு." மகளோ, "பத்து நாள்தானேம்மா, நின்னுட்டுப் போறேன்" என்கிறாளாம்.

"பத்து நாள் நின்னா பதினோராம் நாள் கால் அங்கேயே வேர் விட்டுடும்க்கா. நானும் ஒரு சீசன்னுதான் போய் நின்னேன். அப்ப இவ என் இடுப்புல இருந்தா."

அவளுக்காக ஆண்டவனை வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் மகள் பாடப் புத்தகத்தோடு அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பஸ்ஸில் வந்தவர் ஒருவர், மூன்று வேளையும் சாமி கும்பிடுகிற நல்ல மனுஷர்தான், அவளைப் பார்த்துவிட்டார்.

"பாப்பா, நீயும் அந்த வேஷத்தைப் போட்டுட்டு வாயேன். அம்மாவைவிட நீ படத்துல நல்லா விழுவே."

"அதுக்கென்ன சார், இப்பவே" என்றார் மேனேஜர். மகள் புத்தகத்தை மூடினாள்.

கூடைக்காரி கூடையை இறக்கினாள். அது சாய்ந்து விறகு ரோட்டில் உருண்டது. "அட, நிஜ விறகு!" என்று எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். அவள் பாவாடையை அவிழ்த்து, நிதானமாக மடித்து, மேனேஜர் கையில் வைத்தாள்.

"துணி உங்களுது சார். விறகும் பொண்ணும் என்னுது."

நான் குனிந்து விறகு பொறுக்கினேன். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அந்த வளைவில் நின்று, கடவுள் படைப்பு என்ன அழகு என்று எத்தனையோ தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவளோடு எடுத்த படம் என்னிடமும் இரண்டு இருக்கிறது. அவளிடம் ஒன்றுகூட இல்லை.

நாங்கள் கிளம்பும் அன்று ரப்பர் பூட்ஸும் ஸ்வெட்டருமாக ரோட்டோரம் வந்து நின்றாள். ஒருவரும் கேமராவை எடுக்கவில்லை.

"இனி என்னம்மா பண்ணுவே?"

"டீக்கடைக்கு விறகு போடறேன்னு சொல்லியிருக்கேன். அவ படிப்பு முடியற வரைக்கும் என் முதுகு தாங்கும்."

அதன்பிறகு எங்கள் வண்டி வேறு வழியில் போக ஆரம்பித்தது. நான் அவளைப் பார்த்தது அன்றோடு சரி. பஸ் நகரும்போது ஜன்னலைத் தட்டிச் சொன்னாள்:

"அடுத்த தடவை வந்தா வளைவுல தேடாதீங்கக்கா. வீட்டுக்கு வாங்க, உட்கார்ந்து பேசுவோம். நின்னு நின்னு எனக்குக் கால் வலிக்குது."