அளவுக்கு ஓர் ஆள்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி ஜொகூருக்குள் நுழைந்தோம். ஸ்காட்லாந்தில் நிலவியல் படிக்கும் பதினான்கு பேர், ஐந்து நாள் களப்படிப்புக்கு. மற்றவர்கள் வெளிநாட்டவர் வரிசையில் நின்றார்கள். நான் மட்டும் மலேசியக் கடப்பிதழைக் காட்டிவிட்டு வெளியே வந்து, முக்கால் மணி நேரம் அவர்களுக்காகக் காத்திருந்தேன். சொந்த ஊருக்கு விருந்தாளியாக வந்த லட்சணம் இது.

எங்கள் வீடு பெர்மாஸ் ஜெயாவில், சோதனைச்சாவடியிலிருந்து அரை மணிகூட ஆகாது. பேருந்து அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குழுவை விட்டு யாரும் பிரியக்கூடாது என்பது விதி. அப்பாவைப் பார்த்து இரண்டு வருடமாகிறது. அவரோ அந்நேரம் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்டில் இருந்தார். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. எனக்கு அழுகையைவிட எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது.

ஞாயிறன்று லாயாங் லாயாங் என்ற சிற்றூர். ஒரு ரயில் நிலையம், ஒரு வரிசைக் கடைகள், இரண்டு ரிங்கிட்டுக்கு நுரைக்க ஆற்றிய தே தாரிக் தேநீர், சுற்றிலும் செம்பனை. ஊருக்கு வெளியே சாலை போட வெட்டிய மேடுதான் எங்கள் பாடம். ஒரு காலத்தில் நீருக்கடியில் படிந்த களிமண்ணும் மணலும் அதில் அடுக்கடுக்காகத் தெரிந்தன. பேருந்து கிளம்ப அரை மணி இருக்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எங்கே இருப்போம் என்று நான் முந்தின இரவு சொல்லியிருந்ததை வைத்து, அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்திருந்தார் அப்பா.

"பூசைக்குப் போகலையாப்பா?"

"சர்ச்சுல முதல் பூசை பாத்துட்டேன் லா. நீ சாப்டியா? நாசி லெமாக் இருக்கு." மேட்டை ஏற இறங்கப் பார்த்தார். "அலமாக், இந்த மண்ணப் பாக்கவா அவ்வளவு தூரம் போயி படிச்சிட்டுத் திரும்பி வந்த?"

சிரித்துவிட்டேன். பதில் சொல்வதற்குள் ஆசிரியை படமெடுக்கச் சொன்னார். மேடு எவ்வளவு உயரம் என்று படத்தில் தெரிய, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். "உன் அப்பா நிற்பாரா?" என்றார். அப்பா தலைக்கவசத்தைக் கழற்றி, முடியைக் கோதி, அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க நிற்பதுபோல் விறைப்பாக நின்றார். கிடைத்த அரை மணியில் பாதி நேரம் அவர் சாலைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கேமரா வழியாகப் பார்த்தபோதுதான் அவருக்காக எவ்வளவு ஏங்கிப் போயிருந்தேன் என்று தெரிந்தது.

படத்தோடு ஆளின் உயரத்தையும் குறிக்க வேண்டும். அளவு நாடாவைக் குதிகாலிலிருந்து இழுத்துப் பிடித்து, அவர் உச்சந்தலையில் கையை வைத்தேன். அப்பா எத்தனையோ முறை என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்திருக்கிறார். அவர் தலையில் நான் கைவைத்தது அன்றுதான். முடி வியர்வையில் நனைந்து சூடாக இருந்தது. அவர் அசையவே இல்லை.

நூற்று அறுபத்து நான்கு சென்டிமீட்டர்.

டிரைவர் ஹாரன் அடித்தார். "அளந்தாயிற்றா?" என்று கேட்டார் ஆசிரியை.

"இல்லை, இன்னொரு தடவை அளக்க வேண்டும்" என்றேன்.