தொட்டிக்குப் பின்னால் வரும் ஸ்டேஷன்

சாவிக்காரருக்குத் தெருவில் இன்னொரு பெயர் 'வீம்பு'. அதில் அவருக்குப் பெருமை வேறு. "ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான்" என்பார். எட்டு மாசத்துக்கு முன்னால் அப்படிச் சொன்ன ஒரு வார்த்தை இப்போது அவர் கழுத்தையே பிடித்துக்கொண்டிருந்தது.

மகள் கெட்டிக்காரி. எந்தப் பூட்டானாலும் காதை வைத்துக் கேட்டே திறந்துவிடுவாள். கடை அவளுக்குத்தான் என்று இவர் முடிவே கட்டிவிட்டார். அவளைக் கேட்கத்தான் மறந்துவிட்டார். அவளோ எண்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன எஃப்எம் ஸ்டேஷனில் பேசப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டினாள்.

"பேசறது ஒரு வேலையா? அப்படின்னா உங்கம்மாவுக்கு இந்நேரம் பென்ஷன் வந்திருக்கணும்! போ. ரேடியோவுலகூட உன் குரலை நான் கேக்க மாட்டேன்" என்று கத்தினார். அவள் போய்விட்டாள். அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணுவாள்.

வீம்பெல்லாம் வாயோடு சரி. ஆறு வாரமாக மனுஷன் கடையில் திருட்டுத்தனமாக ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். மகளுடைய ஸ்டேஷன் தொண்ணூற்றிரண்டு புள்ளி ஒன்பது. அதை இடித்துக்கொண்டு தொண்ணூற்று மூன்று புள்ளி ஒன்றில் உள்ளூர் கும்மாளம் எஃப்எம். அதன் கோபுரமோ நாலு தெரு தள்ளி. முள்ளை எப்படி நகர்த்தினாலும் அந்தத் தடியன்தான் வந்து உட்கார்ந்துகொண்டு கெக்கெக்கே என்று சிரித்தான். ஏரியலில் செம்புக் கம்பி கட்டிப் பார்த்தார், இரும்பு பீரோவோடு இணைத்துப் பார்த்தார். மகள் இருமினதுகூடக் கேட்கவில்லை. அந்த எரிச்சலையெல்லாம் மனைவி மேல் காட்டினார். தினமும் காலை பத்தரைக்கு அவள் மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவாள், இவர் கீழே கடையிலிருந்து, "வீட்டுல இருக்கறது ரெண்டு பேரு, யானையா குளிப்பாட்டற?" என்று கத்துவார். தொட்டி வழியும்வரை அவள் மோட்டாரை நிறுத்த மாட்டாள்.

அன்று காலை அவள் இவரிடம் சொல்லாமல் அடுப்பிடம் சொன்னாள்: "இன்னைக்குப் பதினோரு மணி நிகழ்ச்சிதான் அவளுக்குக் கடைசியாம். நாளையிலேர்ந்து எழுதிக் கொடுக்கற வேலையாம். குரல் இனிமே வராதாம்."

சாவிக்காரர் காதில் விழாத மாதிரி செருப்பை மாட்டினார். இடதை வலதில் மாட்டினார்.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பல் டாக்டர் ஓடி வந்தார். கிளினிக் சாவி தொலைந்துவிட்டதாம். "சீக்கிரம் வாங்க, வாசல்ல நாலு பேர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க!"

"ஊசி போட்டு உக்கார வைங்க, வரேன்."

"யோவ், ஊசி உள்ள இருக்குய்யா!"

சாவிக்காரர் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. கும்மாளத்தான் ஓயாமல் சொல்லும் நம்பரை அதன் ஆபீஸ் நம்பர் என்று நினைத்துப் போனைப் போட்டார். உடனே எடுத்தார்கள்.

"ஹலோ! கும்மாளம் எஃப்எம்! என்ன பாட்டு வேணும்?"

"பாட்டும் வேணாம் கூத்தும் வேணாம். அரை மணி நேரம் உங்க கோபுரத்தை அணைச்சு வைங்க."

கடை ரேடியோ 'கீ' என்று அலறியது. போனில் இருந்தவன் சொன்னான்: "சார், உங்க ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சு வைங்க."

"முடியாது! குறைச்சா என் பொண்ணு வர்றது எனக்குத் தெரியாது. பக்கத்து ஸ்டேஷன்ல பேசறா. ஆறு வாரமா ஒரு வார்த்தை கேக்க விட்டீங்களாய்யா? கேக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்தான். அதுக்காக? பெத்தவன் இல்லையா நான்? மேனேஜர்கிட்ட குடுங்க!"

லைன் துண்டானது. ரேடியோவில் பெயின்ட் விளம்பரம் ஓடியது. டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "நீங்க பேசினது பூரா ரேடியோவுல வந்துச்சுங்க."

எதிர்க் கடைகளில் எல்லோரும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "உங்க வண்டவாளம் தண்டவாளம் ஏறிடுச்சு. போதும், மேல வாங்க."

ஏறினார். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் இடம். அங்கே ஒரு முக்காலி, அதன் மேல் சின்ன ரேடியோ. கோபுரம் தொட்டிக்கு அந்தப் பக்கம்.

"தொட்டி நிறைஞ்சிருந்தா அந்தத் தடியனை மறைச்சுடும். இவ மட்டும் வருவா" என்றாள் மனைவி.

"அதுக்கா தினம் பத்தரைக்கு மோட்டார்?"

"பின்ன, யானைக்கா?"

அவளோடு ஒண்டிக்கொண்டு நின்றார். சரியாகப் பதினொன்றுக்கு மகள் வந்தாள். கணீரென்று, தோளுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி. கேட்டவர்களுடைய கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். "பூட்டு இறுகிப்போச்சுன்னு ஒருத்தர் கேட்டிருக்காங்க. எண்ணெய் விடாதீங்க, அழுக்கு சேரும். பென்சில் தூள் போதும். சத்தியமா வேலை செய்யும், எங்கப்பா சொன்னது."

சாவிக்காரருக்கு மூக்கு விடைத்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். ரேடியோ கரகரவென்றது, நடுவே கும்மாளத்தான் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனான்.

மனைவி அவர் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்தாள். "அழறதா இருந்தா ஆடாம அழுங்க. நகர்ந்தா அவ போயிடுவா."