மூலையில் ஒரு பொட்டு

அரியலூரில் என் சகலை வீட்டுக்குப் போனால், வாசல் தாண்டியதும் எதிரே மீன்தொட்டிதான். சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். தொட்டி அவரே கண்ணாடி வாங்கி, அவரே ஒட்டியது. அடியில் சுண்ணாம்புச் சுரங்கப் பக்கம் பொறுக்கிய, சிப்பித் தடம் பதிந்த கற்கள். என் மனைவி அக்காவிடம் நலம் விசாரிக்கும் முன்பே அதன் எதிரில் மண்டி போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"மாமாவுக்குக் கைவாகுங்க. அவரு தொட்டா எதுவும் நிக்கும்" என்றாள், பெரம்பலூர் திரும்பும் பஸ்ஸில். நான் தொட்டு நிற்காமல் போனவற்றை அவள் சொல்லவில்லை. குன்னம் வரும்வரை நானே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆடுகிற அலமாரி, ஒழுகுகிற சமையலறைக் குழாய். இவள் வாயால் எனக்கும் ஒருமுறை கைவாகு என்று வரவேண்டும், அவ்வளவுதான்.

நானும் ஒரு தொட்டி ஒட்டுவது என்று முடிவு செய்தேன். சகலையிடம் யோசனை கேட்டிருந்தால் வேலை சுலபம். கேட்க மனசு வரவில்லை. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். அவர் தொட்டி அஞ்சு மில்லி கண்ணாடி என்று எனக்குத் தெரியும். நான் எட்டு மில்லி கேட்டேன்.

"என்ன சார், யானைய உடப் போறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"மீனுதாங்க."

"அப்ப மீனு குடுத்து வச்சது."

மோட்டார் பைப்புக்குப் பிசைந்து அடைக்கிற பசை போதாதா என்று கேட்டேன். அது கல்லு மாதிரி இறுகிடும், தண்ணி பாரத்துல கண்ணாடி கொஞ்சம் அசையும், ரப்பர் மாதிரி இழுத்துக் குடுக்கிற சிலிக்கான்தான் வேணும் என்றார். அதிலும் பாத்ரூமுக்கு உள்ளது ஆகாதாம். பூஞ்சை வராமல் இருக்க அதில் மருந்து கலந்திருக்கும், மீனைக் கொன்றுவிடும். வினிகர் வாடை அடிக்கிற, மருந்து கலக்காத குழலை எடுத்துக் கொடுத்தார். "ஒட்டுற எடத்தத் தின்னர் போட்டுத் தொடச்சிருங்க. விரல் ரேகைகூட இருக்கக் கூடாது."

கடையில் வெட்டிக் கொடுத்த கண்ணாடியின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, சாயங்காலம் சாயங்காலமாகத் தேய்த்தேன். சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டம்மா, "அண்ணன் வூட்டுக்குள்ள மாவு மிசினு வச்சிருக்காங்களா?" என்று என் மனைவியிடம் கேட்டுவிட்டுப் போனார்.

ஒட்ட உட்கார்ந்த வெள்ளிக்கிழமை, அவள் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் வந்தாலும் சைக்கிள் வந்தாலும் முதலில் பொட்டுதான். முன்கண்ணாடியின் மூலையில் மஞ்சள் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்தாள். நான் தின்னர் துணியை எடுத்தேன்.

"பொட்ட அழிச்சிராதீங்க. நல்லா வரணும்னுதான வைக்கிறேன்."

நல்லா வரணும் என்று எனக்காக அவள் சொன்னதே எனக்குப் பெரிசு. மற்ற எல்லா விளிம்பையும் பளிச்சென்று துடைத்தேன். அந்த மூலையில் மட்டும் பொட்டின் மேலேயே சிலிக்கானை இழுத்துவிட்டேன்.

ஒரு வாரத்துக்கு மேலேயே காயவிட்டு, அரியலூர்க்காரர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் நிரப்பினேன். அவர் பார்க்க வேண்டும், அவர் பார்ப்பதை இவள் பார்க்க வேண்டும். பாதி ஏறியதும் அந்த மூலையிலிருந்து தண்ணீர் மஞ்சளாக இறங்கியது. நான் மிச்சமிருந்த சிலிக்கான் குழலை எடுத்தேன்.

சகலை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "மேலாக்க பூசுனா நிக்காது சகலை. இந்தக் கண்ணாடியவே கழட்டிரலாம், பிளேடு குடுங்க." சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. என் மனைவி பிளேடும் காபியும் கொண்டு வந்தாள். காபி முதலில் அவருக்கு.

தண்ணீரை இறைத்துவிட்டு பிளேடால் கீறியதும் கண்ணாடி கையோடு வந்தது. பழைய பசையைச் சுரண்டியவர், விளிம்பில் விரலை ஓட்டினார். நின்றார். திரும்ப ஓட்டினார்.

"இவ்ளோ வழவழன்னு எப்படிங்க எடுத்தீங்க? எங்க வூட்டுத் தொட்டி கழுவுறப்பல்லாம் கை கிழிக்குது."

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். குன்னம்வரை பஸ்ஸில் என் நெஞ்சுக்குள் ஓடிய அதே குரல். காபியை மெதுவாக ஒரு வாய் குடித்தேன்.

"அது கைவாகுங்க சகலை."

அவ்வளவோடு விட்டிருந்தால் அந்த ஞாயிறு எனக்குத்தான். வாசல்படியில் நின்ற என் மனைவி சொல்லிவிட்டாள்: "உப்புத்தாள நனைச்சுத் தேச்சாரு மாமா. விரலெல்லாம் தேஞ்சு போச்சு, நிறுத்தவே இல்ல. இவ்ளோ பொறுமை இவருக்கு எங்க இருந்துச்சுன்னு நானே அசந்துட்டேன்."

நான் கேட்கக் காத்திருந்த பேச்சு கடைசியில் வந்தது. ஆனால் அதை அவரிடம்தான் சொன்னாள். கூடவே என் வித்தையையும் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் பஸ் ஏறும் முன் சகலை ஹார்டுவேர் கடைப்பக்கம் போய்விட்டு வந்தார். பையில் என்ன என்று நான் கேட்கவில்லை.