கட்டப்படாத பதிமூன்றாம் பக்கம்

ஃபைல் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் நூலைக் குறிப்பது. துணி தைக்கிற அதே நூல்தான். காகிதங்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்த காலத்தில் அந்த வேலைக்கு வந்த பெயர், பிறகு காகிதக் கட்டுக்கும் ஆகிவிட்டது. ஒருவர் பின் ஒருவராக நிற்கும் வரிசையையும் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். நாம் கோப்பு என்கிறோம், அதுவும் கோத்ததுதான். ஆக, நூல் இல்லாத ஃபைல் வெறும் குப்பை. முப்பத்து மூன்று வருட அரசுப் பணியில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். பணிவாகக் குறித்துக்கொண்டார்கள். அதோடு சரி.

எங்கள் வீட்டில் சமைக்கும் பெண் ஸ்ரீராம்புரத்திலிருந்து வருகிறவர். கணவர் ஓர் அரசு அலுவலகத்தில் பியூனாக இருந்து, பணிக்காலத்திலேயே இறந்துபோனார். கருணை அடிப்படையில் வேலை கேட்டு ஒரு வருடத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். இவர் பதினோராம் மாதமே கொடுத்துவிட்டார். போன மாதம், மனுவே வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். இந்த முறை நானும் கூடப் போனேன்.

"அர்ஜி ஃபைல்ல இல்ல சார். புதுசா ஒண்ணு கொடுக்கச் சொல்லுங்க" என்றார் கேஸ் ஒர்க்கர், அந்த ஃபைலைக் கையாளும் எழுத்தர்.

"கொடுத்தா வருஷம் தாண்டிடுச்சுன்னு தள்ளிடுவீங்க. அந்த நோட்டையும் நீங்கதானே எழுதணும்?"

"ரூல் அப்படி சார்."

"ரூலை எனக்குச் சொல்லாதீங்க. ஃபைலைக் காட்டுங்க."

பிளாஸ்டிக் உறைக்குள் உதிரித் தாள்கள், எல்லாம் கன்னடத்தில். சிவப்பு மையில் பக்க எண்: பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு.

"பதிமூணு எங்கே?"

"ஸ்கேன் பண்றவங்க டேக் கயிற்றை வெட்டிட்டாங்க சார். கட்டோட மெஷின்ல போகாதுல்ல."

"வெட்டினாங்க, சரி. திரும்பக் கட்டினது யாரு?"

"அது அவங்க கான்ட்ராக்ட்ல இல்ல சார். டேக்கும் ஸ்டாக் இல்ல."

துளை போட்டு, எண் போட்டு, கயிற்றில் கட்ட வேண்டும் என்ற விதியைக் கணினி வந்த அன்று யாரும் ரத்து செய்யவில்லை. கத்தரிக்கோலுக்கு மட்டும் உத்தரவு வேண்டியிருக்கவில்லை போலும்.

உதிர்ந்த தாள்களைப் போட்டுவைத்த பின்னறைக்குப் போனோம். மூன்று அரிசிச் சாக்குகள். மேலே 'இதர' என்று ஒட்டியிருந்தது. உள்ளே இறப்புச் சான்றிதழ்கள், மருத்துவச் சான்றுகள், யார் யாருடைய வாழ்க்கையோ. தரையில் உட்கார்ந்தோம். நான் ஒவ்வொரு தாளாகத் தலைப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் அடியை மட்டும் பார்த்துவிட்டு விறுவிறுவென்று தள்ளிக்கொண்டிருந்தார்.

"மேலே படிச்சுப் பாரும்மா. கீழே என்ன இருக்கு?"

"கன்னடம் பேசுவேன், படிக்க வராது சார். கையெழுத்து மட்டும் தமிழ்ல போட்டேன். இத்தனை கன்னடத்துல அது தனியாத் தெரியும்ல?"

தெரிந்தது. இரண்டாவது சாக்கில் அவர்தான் கண்டுபிடித்தார். வட்ட முத்திரை, மனு வாங்கிய தேதி, சிவப்பில் பதிமூன்று.

"அட, கிடைச்சிடுச்சே! உங்க நல்ல நேரம்மா" என்றார் கேஸ் ஒர்க்கர், அவரே தேடிக் கொடுத்த மாதிரி.

"நேரத்தை விடுங்க. பதிமூன்றாம் பக்கம் மீண்டும் சேர்க்கப்பட்டதுன்னு நோட் ஷீட்ல எழுதித் தேதி போடுங்க."

எழுதினார். என் சட்டைப் பையில் எப்போதும் நாலு டேக் கயிறு இருக்கும். ஓய்வு பெற்றும் விடாத வழக்கம். அவர் மேஜையிலேயே தாள்களை அடுக்கிக் கோத்தேன். முடிச்சுப் போடும்போது அந்தப் பெண் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு முடிச்சாப் போடுங்க சார்."

மூன்று போட்டேன்.