அவர் பேரில் வந்த கூப்பன்

என் வீட்டுக்காரர் மௌத்தாகி மூன்று வாரம் இருக்கும். சந்தில் நின்று ஒருத்தன் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். முழுப் பேரையும் சொல்லி, பின்னாலேயே ஒரு பாயியும் சேர்த்துக் கூப்பிட்டான்.

நான் மேல் ரூமில் இத்தா இருந்தேன். புருசன் போன பொம்பளை நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு இறங்காமல், வெளி ஆம்பிளைகள் முன்னால் வராமல் இருக்க வேண்டும், அதுதான் இத்தா. பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ரூமுக்குக் கீழே பை தைக்கிற கார்கானா. அதில்தான் அவர் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்ட குரலுக்கு அங்கேயிருந்து "ஆ, வாரேன்" என்று பதில் வரும் என்று என் காது போய்க் காத்திருந்தது. மனசுக்குத் தெரிந்தது காதுக்குத் தெரியவில்லை.

மகன் இரும்பு ஏணியில் தடதடவென்று இறங்கிப் போய் ஒரு பழுப்புப் பையோடு வந்தான். எண்ணெய், துவரம்பருப்பு, சோப்பு, சர்க்கரை. வாப்பாவை யாருலே கூப்பிட்டது என்று கேட்டேன். டெலிவரிக்காரன்தான், கூப்பன் வாப்பா நம்பரில் போட்டேன் என்று பையைப் பிரித்தபடியே சொன்னான்.

எனக்கு உடனே புரியவில்லை. அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் நான். அவன் போனை எடுத்துக் காட்டி விளக்கினான். சாமான் கொண்டுவந்து தரும் கம்பெனிக்காரன், முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு ஒரு கூப்பன் தருகிறான். பாதி விலைக்குச் சாமான் கிடைக்கும். ஒரு நம்பருக்கு ஒரு தடவைதான். மகன் தன் நம்பரில் ஒரு தடவை வாங்கினான், பிறகு என் நம்பரில் வாங்கினான். அதற்கே, அதே பேர், அதே அட்ரஸ் என்று கம்பெனி முதலில் முரண்டு பிடித்ததாம். இப்போது வாப்பாவின் நம்பரைப் போட்டு, வாப்பா பேரையே எழுதி, அட்ரஸில் மட்டும் 'மேல் ரூம்' என்று மாற்றிவிட்டான். வாப்பாவின் பட்டன் போன் பீரோவில் அவர் சட்டைகளுக்கு நடுவில் இருந்தது. ஊரில் செய்தி தெரியாத யாராவது அதில் கூப்பிடுவார்கள், நான் எடுத்துச் சொல்வேன். அதற்காகத்தான் சார்ஜ் போட்டு வைத்திருந்தோம்.

கூப்பன் பக்கத்தில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். புது கஸ்டமருக்கு மட்டும் என்று போட்டிருக்கிறது என்றான். வாப்பா புது கஸ்டமர்தானே உம்மா, இதுக்கு முன்னால அவர் இதுல ஒண்ணுமே வாங்கினதில்லையே என்று சிரித்தான். அவர் போன பிறகு அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

வாயைத்தான் மூட முடிந்தது. எனக்குச் சுபாவமே அப்படி. காஸ் மூடினேனா, தொழுகைக்குக் கை கால் கழுவின ஒளு முறிந்ததா, பால்காரனுக்குக் கொடுத்த நோட்டு கிழிசலா என்று எதையாவது நினைத்து அரற்றிக்கொண்டே இருப்பேன். அவர் இருந்தவரைக்கும், உனக்குக் கவலை இல்லாத நாள்ல அதையே நினைச்சுக் கவலைப்படுவ என்று கேலி செய்வார். இந்தக் கூப்பன் கவலையில் கேலி செய்ய அவர் இல்லை. கவலையே அவரைப் பற்றியதாக இருந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஜனாஸா தொழுகைக்கு முன்னால், மௌத்தானவரின் மகன் எல்லோர் முன்னாலும் நின்று பேசுவான். என் வாப்பா யாருக்காவது ஏதாவது பாக்கி வைத்திருந்தால் என்னிடம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், யார் மனதையாவது நோகடித்திருந்தால் அல்லாவுக்காக மன்னித்துவிடுங்கள் என்று கேட்பான். என் மகனும் கேட்டான். குரல் நடுங்காமல் கேட்டான் என்று வந்தவர்கள் சொன்னார்கள். கேட்டபடியே டீக்கடைக்காரரும் நூல் கடைக்காரரும் வந்தார்கள், அவனும் முகம் சுளிக்காமல் தீர்த்தான். அந்த மனுசருக்கு இந்த உலகத்தில் இனி யாரிடமும் ஒரு பாக்கியும் இல்லை, சுத்தமாகப் போய்விட்டார் என்று அந்த அழுகையிலும் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அப்படி முடித்து அனுப்பிய ஆளை எழுப்பிக் கொண்டுவந்து, புது கஸ்டமர் என்று ஒரு பொய்யில் நிறுத்தியாச்சு. டீக்கடைக்காரர் என்றால் முகம் தெரியும், போய் மன்னிப்புக் கேட்கலாம். கம்பெனியில் யாரிடம் கேட்பது? யார் வந்து சரி, விட்டுட்டேன் என்று சொல்வார்?

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். இத்தாவில் போன் பேசத் தடையில்லை. நம்பரும் இருந்தது. கேட்டால் பதில் வந்துவிடும் என்றுதான் பயம். ஹராம், கூடாதது என்று சொல்லிவிட்டால், தின்ற பருப்பை என்ன செய்வது?

சீத்தா கேம்பிலிருந்து என் மதினி, அவருடைய கூடப் பிறந்தவள், வாரத்துக்கு ஒரு தடவை துணைக்கு வருவாள். அவளிடம் சொன்னேன். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"கியாமத்து நாள்ல, எல்லாரும் கணக்குச் சொல்ல எந்திரிச்சி நிக்கையில, கம்பெனிக்காரன் என் தம்பி சட்டையப் புடிச்சி, எங்க என் எண்ணெப் பாட்டில்னு கேப்பானாக்கும்? அவனவன் செஞ்ச களவுக்கு அவன் பதில் சொல்லி முடிச்சி, நம்ம வீட்டு வரிசை வாரதுக்குள்ள மலக்குமாரே அசந்திருவாங்க."

சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு, வானவர்களான மலக்குகளைப் பற்றி இப்படிச் சிரித்தேனே என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.

அவருக்காக ஓதிச் சோறு போடுகிற நாற்பதாம் நாள் பாத்திஹா நெருங்கியது. மகன் மனசில் பெரிதாக ஒரு திட்டம் இருந்தது. சீத்தா கேம்ப், கோவண்டி, மாஹிம் என்று எல்லாப் பக்கமும் இருக்கிற சொந்தத்தைக் கூப்பிட்டு நெய்ச்சோறு போட வேண்டும். கார்கானாவில் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது, பையை வாங்குகிறவர்கள் இல்லை. இருந்தும் வாப்பாவுக்குக் குறைவாகச் செய்ய மாட்டேன் என்று நின்றான். அந்த நேரம் பார்த்து, முதல் தடவை வாங்கியதற்கு நன்றி என்று வாப்பா நம்பருக்கு இன்னொரு கூப்பன் வந்தது. முன்னதை விடப் பெரியது. அரிசியும் நெய்யும் முந்திரியும் அதில் போட்டுவிட்டு, என்னிடம் சொல்லாமல் கோவண்டிக்குப் பை கொடுக்கப் போய்விட்டான்.

மத்தியானம் பீரோவுக்குள் போன் அடித்தது. சட்டைகளை விலக்கி எடுத்தேன். டெலிவரிக்காரன் கீழே நின்றுகொண்டு பேசினான். பாயியைக் கூப்பிடுங்கள், பெரிய கூப்பன், ஆளைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும், மெசேஜில் நான்கு நம்பர் வந்திருக்கும், அதையும் சொல்ல வேண்டும் என்று ஹிந்தியில் படபடவென்று சொன்னான்.

நான் ஏணிப் பக்கம் திரைக்குப் பின்னால் நின்றேன். காய்கறி வாங்குவதற்காகக் கயிறு கட்டின கூடை ஒன்று அங்கே வைத்திருந்தோம், இத்தா தொடங்கியதிலிருந்து, மகன் வீட்டில் இல்லாத நேரம் சாமான் அதில்தான் மேலே வரும். திரை விளிம்பில் அவன் தலை மட்டும் தெரிந்தது. முன்வழுக்கை, வேர்வை, வயசு என் வீட்டுக்காரரை விட ரொம்பக் குறைவாக இருக்காது. அவன் மறுபடியும் அந்தப் பேரைச் சொல்லி, பாயி வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டான்.

வெளியே போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் வேலை. வாய் வரவில்லை.

"வோ அப் நஹீ ரஹே," என்றேன். அவர் இப்போ இல்லை.

அவன் தலையைத் தொட்டுக்கொண்டு, மன்னிச்சிருங்கம்மா, எனக்குத் தெரியாது என்றான். பிறகு யார் ஆர்டர் போட்டது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் சொல்லியிருப்பேன், அவனும் இது செல்லாது என்று சாமானைத் திருப்பிக்கொண்டு போயிருப்பான், என் பாரம் இறங்கியிருக்கும். நானாகவே, இது வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னேன்.

அவன் மேலே பார்த்தான். திரையைத்தான் பார்த்தான். கோபமில்லாமல்தான் பேசினான். திருப்பிக்கொண்டு போனால் அது அவன் பேரில் ஏறுமாம், அன்றைக்கு முழுக்க ஓடினதற்குக் கிடைக்க வேண்டிய மேல் பணம் போய்விடுமாம். நம்பரைச் சொல்லுங்கம்மா, நான் இன்னும் நாலு இடம் போகணும் என்றான்.

கம்பெனிக்கு உண்மையாக இருக்கலாம் என்று பார்த்தால் அந்த உண்மைக்கு இவன் விலை கொடுக்க வேண்டியிருந்தது. நான்கு நம்பரையும் ஹிந்தியில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் சாமானைக் கூடையில் வைத்தான். நான் இழுத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்தே இருந்த கை, கயிறு உள்ளங்கையை அறுத்தது.

மகன் சாயங்காலம் வந்தபோது மதினியும் வந்திருந்தாள். பை பிரிக்காமல் சுவரோரம் இருந்தது. நான் சொன்னேன், இதை நீங்கள் தின்பதென்றால் தின்றுகொள்ளுங்கள், பாத்திஹாவுக்கு மட்டும் இதில் சமைக்க வேண்டாம். அவர் பேரில் பொய் சொல்லி வாங்கினதை அவருக்காகவே ஓதி அனுப்ப என்னால் ஆகாது.

அவன் முதலில் நிதானமாகத்தான் பேசினான். வாப்பா மட்டும் என்ன, செம்பூரில் அந்தப் பெரிய கடையில் ஆளுக்கு ஒரு எண்ணெய் என்று கூப்பன் போட்டபோது உங்களை ஒரு வரிசையில் நிறுத்தி, தான் இன்னொரு வரிசையில் நின்று, யாரோ மாதிரி உங்களைப் பார்த்து "பெஹலே ஆப்", முதலில் நீங்கள் என்று சொன்னவர்தானே என்று கேட்டான். உண்மைதான். வெளியே வந்து இரண்டு பாட்டிலையும் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் சிரித்தோம்.

"அவர் இருந்தா இந்தக் கூப்பன அவரே போட்டிருப்பாரு உம்மா."

"போட்டிருப்பாரு. இருந்து செஞ்சா பொறவு தௌபா செய்யலாம்லே. மன்னிப்புக் கேக்க வாய் இருக்கும். இப்ப அவருக்குப் பதிலா யாரு கேப்பா?"

அவன் முகம் மாறியது. ஏணிக் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"அப்ப நான் அவருக்குச் செய்யுதது ஒண்ணும் அவருக்குப் போய்ச் சேராதுங்கீங்க."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வாள். எனக்கோ, சேருமா சேராதா என்று தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லவும் பயம்.

"தெரியலலே," என்றேன்.

அவன் பீரோவைத் திறந்து பட்டன் போனை எடுத்தான். பின்மூடியைக் கழற்றி, சிம்மை உருவி, பல்லால் கடித்து இரண்டாக முறித்தான். மதினி, ஏ என்னலே என்று எழுந்தாள். அவன் துண்டுகளை என் முன்னால் வைத்துவிட்டு இறங்கிப் போனான். ஊரிலிருந்து இனி யாராவது அந்த நம்பரில் கூப்பிட்டால் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியாது.

மதினி பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, நான் கொண்டுபோய்த் தின்னுக்கிடுதேன், அல்லா கேட்டா வயித்துக்குத் தெரியாதுன்னு சொல்லிக்கிடுதேன் என்றாள். கேலி மாதிரி சொன்னாலும் குரலில் கேலி இல்லை. ஏணி இறங்கும்போது, ஒம் புள்ளயவிட ஒனக்குக் கம்பெனிக்காரன் பெருசாப் போயிட்டான் என்றாள். அதற்குப் பிறகு அவள் வாராவாரம் வருவது நின்றது.

நாற்பதாம் நாள் யாரையும் கூப்பிடவில்லை. சொந்தக்காரர்களுக்கு அவனே போன் போட்டு, உம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சின்னதாக ஓதிக்கொள்கிறோம் என்றான். என் பொருட்டு அவன் சொன்ன பொய். அதையும் என்னால் தடுக்க முடியவில்லை. சந்து முனைக் கடையில் கொஞ்சம் அரிசியும் ஒரு சின்ன நெய்ப் பாக்கெட்டும் வாங்கி வந்தான். நான் சமைத்தேன். ஓத வந்த ஹஜ்ரத்தும் கார்கானாக்காரர்கள் இருவரும் சாப்பிட்டார்கள். சட்டியில் மிஞ்சவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் ஆமீன் சொன்னேன். ஹஜ்ரத் அவ்வளவு பக்கத்தில் இருந்தார். அப்போதும் நான் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

இத்தா முடிந்து மாதங்கள் ஆகின்றன. இப்போது நானே மாதுங்கா மார்க்கெட் வரைக்கும் போய் வருகிறேன். ஆனாலும் மளிகையை மகன்தான் வாங்குகிறான். கூப்பன் எதுவும் போடுவதில்லை. கடைக்காரர் இனாமாகக் கொடுக்கும் தீப்பெட்டியைக் கூட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறானாம், கடைக்காரரே என்னிடம் சொன்னார். சாமானை அடுப்படியில் வைத்த கையோடு, பில்லை எடுத்து என் முன்னால் விரித்து, அதன் மேல் உப்பு டப்பாவை நகர்த்தி வைக்கிறான். அதில் எழுதியிருக்கும் இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது என்று அவனுக்குத் தெரியும்.

கோபத்தில் செய்கிறான் என்றால் ஒரு நாள் தணியும் என்று இருக்கலாம். அவன் கோபமாக இல்லை. ரொம்ப மரியாதையாக, பள்ளிக்கூடத்தில் பையன் ஸ்லேட்டைக் காட்டுவது போலக் காட்டுகிறான். நான் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து கொஞ்சம் யோசித்தால், கை நின்றால், உடனே அவன் குரல் வருகிறது.

"பில்லு இருக்கு உம்மா."

சரிலே என்று சொல்லி, பிஸ்மி சொல்லி, சாப்பிடுகிறேன்.