வெள்ளைப் பூவுக்கு ரோசியஸ் என்று பேர்

காரைக்குடியில் பி.எஸ்ஸி. தாவரவியல் கடைசி வருடம். வகுப்பில் எல்லோரும் செடிகளின் லத்தீன் பெயர்களைக் கிளிப்பிள்ளை மாதிரி உருப்போட்டார்கள். எனக்கு அது ஆகாது. தனி நோட்டுப் போட்டு அர்த்தம் எழுதிக்கொண்டேன். ஹிர்சூட்டா என்றால் மயிர் அடர்ந்தது, லாங்கிஃபோலியா என்றால் நீள இலை, ரோசியஸ் என்றால் ரோஸ் நிறம். பெருமை தாங்கவில்லை.

செய்முறைத் தேர்வில் மேசை மேல் செடிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். மணி அடிப்பதற்குள் பெயரை எழுதிவிட்டு அடுத்த செடிக்கு நகர வேண்டும். மூன்றாவது செடி நித்தியகல்யாணி. கேத்தரேந்தஸ் ரோசியஸ் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அங்கே இருந்த பூ பளிச்சென்று வெள்ளை. நம்மை மடக்கப் பார்க்கிறார்கள், இது வேறு இனம் என்று என் அதிபுத்தி சொன்னது. ரோசியஸை அடித்துவிட்டு, வெள்ளை என்று பொருள்படும் ‘ஆல்பஸ்’ என்று எழுதினேன். அதே தெம்பில் மேலும் நாலு செடிகளுக்கு நானே பெயர் சூட்டினேன்.

உருப்போட்ட கூட்டம் தேறியது. நான் தேறவில்லை.

“துணைத் தேர்வுலயும் போச்சுன்னா எம்.எஸ்ஸி. பேச்சை எடுக்கக் கூடாது. திருப்பத்தூர்ல மாமா ஜவுளிக்கடைக்குப் போயிரு” என்றார் அப்பா. அன்றைக்கு நன்றாக அழுதேன்.

வெள்ளைப் பூவுக்கும் ரோசியஸ்தான் பெயரா என்ற என் கோபத்தைக் கேட்டுக் கூடப் படித்தவள்தான் சிரித்தாள். “ஏன்டி, வெள்ளைச்சாமின்னு பேரு வச்சவுகள்லாம் வெள்ளையாவா இருக்காக? மொதல்ல பேரு வச்சவுக பாத்தது ரோஸ் பூ. பொருந்தலைன்னு பெறகு மாத்த மாட்டாக.”

உறைத்தது. விடக்கூடாது என்று முடிவு செய்தேன். தினமும் காலையில் அமராவதிபுதூர்க் கண்மாய்க் கரையில் நடந்தேன். முதலில் செடி, பிறகுதான் பெயர். பெயர் செடிக்குப் பொருந்தாத இடங்களை நோட்டில் சிவப்பு மையால் எழுதினேன். கால் முழுக்க நெருஞ்சி முள்.

துணைத் தேர்வில் தேர்வாளர் புளியங்கொத்தை நீட்டினார்.

“டாமரிண்டஸ் இண்டிகா சார்.”

“இண்டிகான்னா?”

“இந்தியாவைச் சேர்ந்ததுன்னு அர்த்தம்.”

“அப்ப இதோட பூர்வீகம்?”

“ஆப்பிரிக்கா சார்.”

“பேருலயே இந்தியா இருக்கேம்மா?”

“பேரை நம்பி ஒரு தடவை தோத்துட்டேன் சார். இனிமே மரத்தைத்தான் நம்புவேன்.”

அவர் சிரிக்கவில்லை. முழு மார்க்கையும் போட்டுவிட்டு, எம்.எஸ்ஸி. எங்கே சேரப் போகிறாய் என்று கேட்டார்.